குழந்தைகளின் மேடை நடனத்துக்குச் சுருக்கப் பாவாடை தைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே குழுவாக மேடையில் ஆடப்போகும் குழந்தைகளுக்கு ஒரே மாதிரிப் பாவாடை தைக்க வேண்டியவர்களுக்காக இதை எழுதுகிறோம். நீள்சதுரத் துணியை இடுப்பில் சுருக்கி எலாஸ்டிக் கோத்த எளிய பாவாடைதான் பெரும்பாலும் இங்கே வரும். மெஷினில் நேராக ஓட்டத் தெரிந்தால் போதும். ஒரு விதியை மட்டும் முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: துணி தட்டையாக இருக்கும்போது செய்யக்கூடிய வேலை எல்லாவற்றையும் முடித்த பிறகே சுருக்க வேண்டும். சுருக்கிய பிறகு கரையை மடிப்பது, ரிப்பன் வைப்பது, அயர்ன் செய்வது எல்லாமே இரட்டிப்பு வேலை.

என்னென்ன அளவுகள் எடுக்க வேண்டும்?

இரண்டே அளவுகள்: இடுப்புச் சுற்றளவு, இடுப்பிலிருந்து தரை வரையிலான உயரம்.

சிறு குழந்தைகளுக்கு இடுப்பு எங்கே என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். ஒரு மெல்லிய எலாஸ்டிக் துண்டை வயிற்றைச் சுற்றிக் கட்டிவிட்டு, குழந்தையை இரு பக்கமும் சாய்ந்து நிமிரச் சொல்லுங்கள். எலாஸ்டிக் தானாக நகர்ந்து எங்கே உட்காருகிறதோ அதுதான் இடுப்பு. அந்த இடத்தில் சுற்றளவும், அங்கிருந்து பக்கவாட்டில் தரை வரை உயரமும் எடுங்கள். குழந்தை டேப்பைக் குனிந்து பார்த்தால் அளவு மாறிவிடும், நேரே பார்க்கச் சொல்லுங்கள். மேடையில் ஷூ போட்டு ஆடுவார்கள் என்றால் ஷூவோடு அளக்க வேண்டும்.

வயதை வைத்துத் தோராயமாகச் சொன்னால் 5, 6 வயதுக்கு இடுப்பு 21 முதல் 22 இஞ்ச், 9, 10 வயதுக்கு 24 முதல் 25 இஞ்ச் இருக்கும். துணி எவ்வளவு வாங்குவது என்று கணக்குப் போட மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். எலாஸ்டிக்கை ஒவ்வொரு குழந்தையின் உண்மையான அளவுக்குத்தான் வெட்ட வேண்டும்.

எல்லாருக்கும் ஒரே நீளத்தில் வெட்டிவிடலாமா?

கூடாது. பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது பாவாடையின் நீளம் அல்ல, அதன் கரை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதுதான். வரிசையில் எல்லாக் கரையும் ஒரே மட்டத்தில் இருந்தால் உயர வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. எல்லாருக்கும் ஒரே நீளம் என்று வெட்டினால் உயரமான குழந்தைக்கு முழங்கால் தெரியும், குட்டிக்குக் கரை காலில் தடுக்கும்.

தரையிலிருந்து 6 இஞ்ச் என்று முடிவு செய்தால், இடுப்பு உயரம் 28 இஞ்ச் உள்ள குழந்தைக்கு 22 இஞ்ச் பாவாடை, 31 இஞ்ச் உள்ள குழந்தைக்கு 25 இஞ்ச். ஒவ்வொருவருக்கும் தனித்தனி நீளத்தில் வெட்டினால் குழப்பம் வரும். சிறியது, நடுத்தரம், பெரியது என்று 2 இஞ்ச் இடைவெளியில் மூன்று குழுக்களாகப் பிரித்து, மீதி வித்தியாசத்தைக் கரை மடிப்பில் சரிசெய்வது நல்லது.

உயரத்தை முடிவு செய்யும் முன் நடனத்தைப் பாருங்கள். முழங்காலை மடக்கிப் பாதி உட்காரும் அசைவு இருந்தால் உடல் கீழே இறங்கும்போது கரையும் சேர்ந்து இறங்கும். பின்னால் எட்டு வைக்கும்போதுதான் குழந்தைகள் கரையை மிதித்து விழுகிறார்கள். நடனத்தில் உள்ள மிகத் தாழ்ந்த அசைவிலும் கரை குதிகாலைத் தொடாத உயரமே பாதுகாப்பானது.

இடுப்பைப் போல எத்தனை மடங்கு துணி வேண்டும்?

துணியின் கனத்தைப் பொறுத்தது. பாப்லின், கேம்ப்ரிக் போன்ற சாதாரண காட்டனுக்கு இரண்டரை முதல் மூன்று மடங்கு. மெல்லிய ஜார்ஜெட், ஷிஃபானுக்கு மூன்று மடங்குக்குக் குறையக் கூடாது, குறைந்தால் காலோடு ஒட்டிக்கொண்டு தொங்கும். சாட்டினுக்கு இரண்டு முதல் இரண்டரை. ஜரிகை வேலை உள்ள தடித்த துணி, வெல்வெட் போன்றவற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு மடங்கே போதும், அதற்கு மேல் போனால் இடுப்பில் உருண்டை கட்டி நிற்கும். நெட்டுக்கு நான்கு மடங்கு வரை போகலாம்.

இரண்டு மடங்குக்குக் குறைவாகச் சாதாரணக் காட்டனில் தைத்தால் வீட்டுப் பாவாடைபோல் தெரியும், சுற்றும்போது விரியாது. துணியில் மிச்சம் பிடிக்க நினைத்தால் நீளத்தில் பிடியுங்கள், சுற்றில் பிடிக்காதீர்கள்.

20 குழந்தைகளுக்கு எத்தனை மீட்டர் வாங்குவது?

ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். இடுப்பு 22 இஞ்ச், தைத்து முடித்த நீளம் 22 இஞ்ச், துணியின் பன்னா (அகலம்) 44 இஞ்ச், எலாஸ்டிக் முக்கால் இஞ்ச் அகலம்.

மேலே எலாஸ்டிக் ஓடும் குழாய்க்கு ஒன்றேகால் இஞ்ச்: கால் இஞ்ச் உள்மடிப்பு, அதன்மேல் ஒரு இஞ்ச் மடிப்பு. கீழே கரைக்கு 2 இஞ்ச்: அரை இஞ்ச் உள்மடிப்பு, அதன்மேல் ஒன்றரை இஞ்ச். ஆக 22 உடன் மூன்றேகால் சேர்த்து, வெட்டும் நீளம் இருபத்தைந்தேகால் இஞ்ச்.

ஒரு பன்னா மட்டும் வைத்தால் 44 இஞ்ச், அதாவது சரியாக இரண்டு மடங்கு. ஒன்றரைப் பன்னா வைத்தால் 66 இஞ்ச், தையலுக்குப் போனது போக 64. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. நடனத்துக்கு ஒன்றரைப் பன்னாவே எங்கள் தேர்வு. இதில் ஒரு வசதியும் உண்டு. மூன்று துண்டு வெட்டினால் இரண்டு குழந்தைகளுக்கு ஆகும்: ஆளுக்கு ஒரு முழுத் துண்டு, மூன்றாவதைப் பாவாடையின் நீளவாக்கில் நடுவில் பிளந்து ஆளுக்குப் பாதி.

20 குழந்தைகளுக்கு 30 துண்டுகள். 30 × 25.25 = 757.5 இஞ்ச், அதாவது சுமார் 19.25 மீட்டர். காட்டன் சுருங்குவதற்கு 5 சதவீதம் விட்டால் சுமார் 20.25 மீட்டர். துணியை நேராக்குவதில் போகும் வீணையும் சேர்த்து 21 மீட்டர். அதோடு உதிரியாக 2 பாவாடைகளுக்கு இன்னொரு 2 மீட்டர் வாங்கிவிடுங்கள். கடைசி வாரத்தில் புதிதாகச் சேரும் குழந்தை, கறைபட்ட துண்டு, தவறாகப் பிளந்த துண்டு என்று அது எப்படியும் தேவைப்படும்.

முழுவதையும் ஒரே தானிலிருந்து (துணிச் சுருளிலிருந்து) ஒரே நேரத்தில் வாங்க வேண்டும். ஒரே நிறம் என்று பெயர் இருந்தாலும் வேறு சாயத் தொட்டியில் முக்கியெடுத்த துணி மேடை விளக்கில் தனியாகத் தெரியும்.

துணியை முன்பே நனைக்க வேண்டுமா?

காட்டன் என்றால் கட்டாயம். சில மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, முறுக்காமல் நிழலில் உலர்த்தி, லேசான ஈரம் இருக்கும்போதே அயர்ன் செய்யுங்கள். அடர் சிவப்பு, நீலம், கறுப்பு என்றால் ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு மூலையைத் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அதன்மேல் வெள்ளை லேஸ் வைக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள், வியர்வையிலேயே ஊறிவிடும். பாலியஸ்டர் சாட்டின், நெட் இரண்டுக்கும் நனைக்கத் தேவையில்லை.

கத்தரியால் வெட்டுவதா, கிழிப்பதா?

பாப்லின், கேம்ப்ரிக் போன்றவற்றை ஓரத்தில் ஒரு வெட்டுப் போட்டுவிட்டுக் கிழிக்கலாம். குறுக்கு நூலோடு சேர்ந்து கிழிவதால் ஸ்கேல் வைத்து வெட்டுவதைவிட நேராக வரும், வேகமும் அதிகம். கிழிந்த ஓரம் அலைபோல் சுருண்டிருக்கும், அயர்ன் செய்தால் படிந்துவிடும். சாட்டின், ஜார்ஜெட், நெட், ஜரிகைத் துணி எதையும் கிழிக்கக் கூடாது, நூல் இழுத்துக்கொண்டு வரும். அச்சிட்ட கட்டம், கோடு உள்ள துணியில் அச்சு நூலுக்கு நேராக விழாமல் இருந்தால் கிழித்த துண்டில் கோடு சாய்ந்து நிற்கும். அப்படிப்பட்ட துணியைக் கோட்டைப் பார்த்துக் கத்தரியால் வெட்டுவதே சரி.

ஒவ்வொரு துண்டையும் வெட்டியதும் அதன் மேல்பக்கத்தில் சாக்பீஸால் ஓர் அம்பு போடுங்கள். சாட்டினும் வெல்வெட்டும் ஒரு திசையில் பளபளக்கும், தலைகீழாகத் திருப்பினால் மங்கும். வெட்டும்போது வித்தியாசம் தெரியாது. மேடை விளக்கின் கீழே ஒரே பாவாடையில் இரண்டு நிறம் இருப்பதுபோல் தெரியும்.

எந்த வரிசையில் தைப்பது?

முதலில் முழுத் துண்டையும் பாதித் துண்டையும் ஒரு பக்கம் மட்டும் அரை இஞ்ச் தையலில் இணையுங்கள். தையல் நீளம் இரண்டரை மி.மீ. இப்போது கையில் இருப்பது 65 இஞ்ச் நீளமுள்ள தட்டையான துணி. பிளந்த பக்கத்தில் பிசிறு வரும், அதற்கு ஓவர்லாக் அல்லது ஜிக்ஜாக் போடுங்கள். நெசவுக் கரை (பிசிறு வராத துணியோரம்) உள்ள பக்கங்களுக்கு ஒன்றும் தேவையில்லை. ஆனால் சில துணிகளில் நெசவுக் கரை இறுக்கமாக இருந்து தையலை இழுத்துக்கொள்ளும். அப்படியானால் 3 இஞ்சுக்கு ஒருமுறை அந்த நெசவுக் கரையில் மட்டும் சின்ன வெட்டுப் போடுங்கள்.

அடுத்து கரை. தடித்த அட்டையில் அரை இஞ்ச், ஒன்றரை இஞ்ச் கோடுகள் போட்டு, துணியை அந்த அட்டைமேல் மடித்து அயர்ன் செய்துகொண்டே போங்கள். ஒவ்வொரு இடத்திலும் டேப் வைத்து அளப்பதைவிட இது பல மடங்கு வேகம், எல்லாப் பாவாடைக்கும் கரை ஒன்றுபோல் வரும். மேலேயும் கால் இஞ்ச், ஒரு இஞ்ச் மடிப்புகளை இதே நேரத்தில் அயர்ன் செய்து படிய வைத்துவிட்டு விரித்துவிடுங்கள். தைப்பது பிறகு. மடிப்புத் தடம் இப்போதே விழுந்திருந்தால் போதும்.

கரையைத் தையுங்கள். ஆனால் இரு முனைகளிலும் 3 இஞ்ச் தைக்காமல் விடுங்கள். பிறகு மறுபக்கத்தைக் கரை மடிப்பை விரித்த நிலையில் மேலிருந்து கீழ்வரை இணைத்துவிட்டு, விட்ட பகுதியை மடித்துத் தைத்தால் இணைப்பு கரைக்குள் மறைந்துவிடும். அவசரம் என்றால் முழுக் கரையையும் முதலிலேயே தைத்துவிட்டு இணைக்கலாம், தூரத்தில் தெரியாது.

கடைசியாக மேல்மடிப்பை மடித்து, கீழ் ஓரத்தை ஒட்டித் தைத்துக் குழாய் ஆக்குங்கள். பாதித் துண்டின் நடுவில் 2 இஞ்ச் வாய் விடுங்கள். அந்தப் பாதித் துண்டு குழந்தையின் முதுகுப்பக்கம் வர வேண்டும். அப்போது இரண்டு இணைப்புகளும் பின்னால் சமமாக விழும், முன்பக்கம் முழுத் துணியாக இருக்கும்.

20 பாவாடை என்றால் ஒன்றை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததை எடுப்பது நல்ல முறையல்ல. எல்லாவற்றையும் வெட்டி, எல்லாவற்றுக்கும் ஒரு பக்கம் இணைத்து, எல்லாவற்றின் கரையையும் அயர்ன் செய்து என்று படிப்படியாக நகருங்கள். ஒருவர் அயர்ன் பெட்டியில், ஒருவர் மெஷினில் இருந்தால் வேலை தேங்காது. ஒரே ஒரு பாவாடையை மட்டும் முன்கூட்டி முழுதாகத் தைத்து ஒரு குழந்தைக்குப் போட்டு ஆடவிட்டுப் பாருங்கள். நீளமோ சுற்றோ தவறு என்றால் அந்த ஒன்றோடு போகும்.

எலாஸ்டிக் எந்த வகை, எவ்வளவு நீளம்?

இழுத்துப் பாருங்கள். இழுக்கும்போது அகலம் குறைந்து கயிறுபோல் ஆனால் அது பின்னல் எலாஸ்டிக். குழாய்க்குள் உருளும், முறுக்கிக்கொள்ளும். இழுத்தாலும் அகலம் மாறாதது நெய்த எலாஸ்டிக். அதுதான் வேண்டும். அகலம் முக்கால் இஞ்ச் அல்லது ஒரு இஞ்ச். கால் இஞ்ச் எலாஸ்டிக் வயிற்றை அறுக்கும், பாவாடையின் எடையையும் தாங்காது.

நீளம்: இடுப்பில் 2 இஞ்ச் குறைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தைக்க 1 இஞ்ச் கூட்டுங்கள். 22 இஞ்ச் இடுப்புக்கு 21 இஞ்ச் வெட்ட வேண்டும். 20 குழந்தைகளுக்கு 420 இஞ்ச், சுமார் 10.7 மீட்டர், 12 மீட்டராக வாங்குங்கள். எலாஸ்டிக் வெட்டும் முன் அதை ஒருமுறை நன்றாக இழுத்து விடுங்கள். சுருளில் இறுக்கிச் சுற்றப்பட்டிருந்தால் நீளம் கூடுதலாகக் காட்டும், வெட்டிய பிறகு சுருங்கிவிடும்.

போட்ட பிறகு எலாஸ்டிக்குக்கும் வயிற்றுக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். நழுவிவிடுமோ என்ற பயத்தில் இறுக்கினால் குழந்தைக்கு மூச்சு முட்டும், ஆடும்போது அடிக்கடி கை இடுப்புக்குப் போகும்.

எலாஸ்டிக்கைக் கோக்கும்போது முறுக்கிக்கொள்கிறது. என்ன செய்வது?

முதலில் குழாயின் அகலத்தைப் பாருங்கள். எலாஸ்டிக்கைவிடக் கால் இஞ்சுக்கு மேல் அகலமாக இருந்தால் உள்ளே புரளத்தான் செய்யும். முக்கால் இஞ்ச் எலாஸ்டிக்குக்கு ஒரு இஞ்ச் மடிப்பு சரி.

ஒரு முனையில் பெரிய ஊக்கைக் குத்தித் தள்ளிக்கொண்டு போங்கள். மறுமுனையை இன்னொரு ஊக்கால் வாய்க்குப் பக்கத்தில் துணியோடு குத்திவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவும் உள்ளே போய்விடும். சுற்றி வந்ததும் முறுக்கு இருக்கிறதா என்று விரலால் முழுச் சுற்றும் தடவிப் பார்த்துவிட்டு, இரு முனைகளையும் 1 இஞ்ச் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, சதுரமாகவோ ஜிக்ஜாக்காகவோ இரண்டு மூன்று முறை தையுங்கள். முனைகளை முடிச்சுப் போடக் கூடாது, வயிற்றில் குத்தும்.

சுருக்கத்தைச் சமமாகப் பரப்பிய பிறகு, இரு பக்கங்களிலும் குழாயின் குறுக்கே நேர்கோட்டில் ஒரு தையல் போட்டால் எலாஸ்டிக் நகராது. எலாஸ்டிக்கின் நீளவாக்கில் தைக்காதீர்கள். ஊசி உள்ளே இருக்கும் ரப்பர் இழைகளைக் குத்தி அறுக்கும், சில அணிதல்களில் இடுப்பு தொளதொளவென்று ஆகிவிடும்.

வாயை மெஷினில் உடனே மூட வேண்டாம். கடைசி ஒத்திகைவரை கையால் ஓட்டுத் தையல் போட்டு வையுங்கள். பிடித்து விடவோ தளர்த்தவோ பிரிக்க எளிது.

எலாஸ்டிக்குக்குப் பதில் இடுப்புப் பட்டி வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் எதற்காக என்று முதலில் யோசியுங்கள். குட்டையான மேல்சட்டை போட்டு இடுப்பு தெரியும் உடை என்றால் பட்டி அழகு. துணி தடிமனாக இருந்து எலாஸ்டிக் குழாயில் மடிப்பு விழாமல் முண்டினாலும் பட்டிதான் வழி. மற்றபடி 20 குழந்தைகளுக்கு ஹூக், ஜிப் வைத்துத் தைப்பதும், இரண்டு ஆட்டங்களுக்கு நடுவில் அத்தனை ஹூக்கையும் மாட்டுவதும் தேவையில்லாத பாரம். முன்பக்கம் மட்டும் தட்டையான பட்டி, பின்பக்கம் எலாஸ்டிக் என்று வைப்பது நல்ல நடுவழி.

பட்டிக்குச் சுருக்கம் எப்படிப் பிடிப்பது?

மெஷினில் தையல் நீளத்தை 4 அல்லது 5 மி.மீ.க்கு மாற்றி, மேல்நூல் டென்ஷனைச் சற்றுத் தளர்த்துங்கள். மேல் ஓரத்திலிருந்து அரை இஞ்சுக்குச் சற்றுக் குறைவாக ஒரு வரி, அரை இஞ்சைத் தாண்டிச் சற்றுக் கீழே இன்னொரு வரி. இணைப்புத் தையல் பிறகு இந்த இரண்டு வரிகளுக்கும் நடுவே, அரை இஞ்சில் ஓடும். ஒரே வரி போட்டால் சுருக்கம் புரண்டு படுக்கும், இரண்டு வரி அதை நிமிர்த்தி நிறுத்தும். தொடக்கத்திலும் முடிவிலும் பின்தையல் போடாமல் 4 இஞ்ச் நூல் விடுங்கள்.

துணியின் மேல் ஓரத்தையும் பட்டியையும் நான்கு சமப் பகுதிகளாகக் குறித்து, குறிகளைக் குண்டூசியால் பொருத்துங்கள். பிறகு பாபின் நூல்கள் (மெஷினின் கீழ்நூல்கள்) இரண்டையும் சேர்த்துப் பிடித்து, ஒரு முனையிலிருந்து பாதிவரை, மறுமுனையிலிருந்து பாதிவரை இழுங்கள். பட்டியின் அளவு வந்ததும் குண்டூசியில் நூலை எட்டு வடிவத்தில் சுற்றி நிறுத்துங்கள். சுருக்கம் மேலே தெரியும்படி வைத்துத் தைத்தால் எந்த மடிப்பும் தாறுமாறாக மாட்டாமல் பார்த்துக்கொள்ளலாம். தைத்து முடித்த பிறகு கீழ்வரியை மட்டும் உருவிவிடுங்கள்.

இழுக்கும்போது நூல் அறுந்துவிடுகிறதே?

மேல்நூலையும் பாபின் நூலையும் கலந்து இழுத்தால் இரண்டும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். பாபின் நூல்களை மட்டும் இழுக்க வேண்டும். டென்ஷன் தளர்த்தாமல் தைத்திருந்தாலும் இழுபடாது. பழைய காட்டன் நூலும் அறும், பாலியஸ்டர் நூல் போடுங்கள். பாபினில் மட்டும் வேறு நிறம் சுற்றினால் எதை இழுப்பது என்று குழப்பம் வராது.

65 இஞ்சையும் ஒரே ஓட்டமாக இழுக்க முயலாதீர்கள். இணைப்பு வரும் இடத்தில் தையலை நிறுத்தி, மறுபக்கம் புதிதாகத் தொடங்குங்கள். இணைப்பின் தடிமனில்தான் நூல் மாட்டி அறும். தடித்த துணிக்கு இன்னொரு வழி உண்டு: கனமான நூலொன்றைத் துணிமேல் வைத்து, அதைக் குத்தாமல் அதன் இரு பக்கமும் விழும்படி ஜிக்ஜாக் ஓட்டுங்கள். பிறகு அந்தக் கனமான நூலை இழுத்தால் அறவே அறாது.

லேஸ், ரிப்பன், பார்டர் எப்போது வைப்பது?

இரண்டாவது பக்கத்தை இணைப்பதற்கு முன்பு, துணி தட்டையாக இருக்கும்போது. ஒரு பாவாடைக்கு 66 இஞ்ச் என்றால் உதிரி இரண்டும் சேர்த்து 22 பாவாடைகளுக்குச் சுமார் 37 மீட்டர். லேஸைத் துணியில் வைக்கும்போது இழுத்துப் பிடிக்காதீர்கள். இழுத்துத் தைத்த லேஸ் பிறகு சுருங்கி, கரை முழுவதும் நெளிந்துவிடும். சாட்டின் ரிப்பனின் இரு ஓரங்களையும் ஒரே திசையிலிருந்து தொடங்கித் தையுங்கள். ஒன்றை இப்படியும் மற்றதை அப்படியும் தைத்தால் ரிப்பன் முறுக்கிக்கொண்டு குறுக்கே சுருக்கம் விழும்.

மணி, கண்ணாடி, கனமான ஜரிகைப் பார்டர் ஆகியவற்றைக் கரையில் வைத்தால் எடை கூடும். அதற்கேற்ப எலாஸ்டிக் ஒரு இஞ்ச் அகலமாக வேண்டும். உதிரக்கூடிய மணிகளை வெறுங்காலில் ஆடும் குழந்தைகளின் பாவாடையில் வைக்க வேண்டாம்.

சுற்றும்போது விரியவில்லை. ஏன்?

சுற்று குறைவாக இருக்கலாம், துணி காலோடு ஒட்டலாம், கரை கனமாக இருக்கலாம். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: நீள்சதுரத் துணியில் சுருக்கிய பாவாடை குடைப் பாவாடைபோல் தட்டாக எழாது. அது மணிபோல் விரியும். தட்டு வடிவம்தான் வேண்டும் என்றால் வட்டமாக வெட்ட வேண்டும். அதில் கரை வளைவாக வருவதால் ஆழமான மடிப்புப் போட முடியாது, துணியும் அதிகம் போகும்.

நடுவில் ஒரு வழி அடுக்குப் பாவாடை. ஒவ்வொரு அடுக்கும் மேலே உள்ளதைப்போல் ஒன்றரை மடங்கு. மேல் அடுக்கு 44 இஞ்ச் என்றால் அடுத்தது 66, அதற்கடுத்தது 99. இடுப்பில் தடிமன் இல்லாமல் கீழே நல்ல விரிவு கிடைக்கும். ஆனால் ஒரு பாவாடைக்கே 165 இஞ்ச் துணியைச் சுருக்க வேண்டும். பெரிய குழுவுக்கு இதைத் தேர்வு செய்யும் முன் தைப்பவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள்.

உள்ளே நெட் வைத்தால் குழந்தைக்குக் குத்தாதா?

இடுப்பிலிருந்தே நெட் தொடங்கினால் குத்தும். இடுப்பிலிருந்து 6 இஞ்ச் வரை மெல்லிய காட்டன் வைத்து, அதன் அடியில் மூன்று மடங்கு நெட்டைச் சுருக்கித் தையுங்கள். வயிற்றில் தடிமனும் இருக்காது. நெட் தையலின் ஓரம் உடம்புப் பக்கம் வராமல் வெளிப்பக்கம் திருப்புங்கள். உள்பாவாடை வெளிப்பாவாடையைவிட ஒரு இஞ்ச் குட்டையாக இருக்கட்டும்.

நெட்டுக்குப் பிசிறு வராது, அதனால் கரை மடிக்கத் தேவையில்லை. மெஷினின் பல்லில் மாட்டிக் கிழிந்தால் அடியில் அச்சில்லாத மெல்லிய காகிதத்தை வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்தெடுங்கள். செய்தித்தாள் மை ஒட்டும்.

நைலான், பாலியஸ்டர் நெட் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். கையில் விளக்கோ மெழுகுவத்தியோ ஏந்தும் ஆட்டத்துக்கு நெட் வேண்டவே வேண்டாம். எரியும் சுடருக்குப் பதில் பேட்டரி விளக்கு வையுங்கள். காட்டனும் தீப்பிடிக்கும் என்பதை மறக்கக் கூடாது.

சாட்டினில் தையல் சுருங்கி நிற்கிறது, ஊசித் தடம் தெரிகிறது.

புது ஊசி போடுங்கள், 11ஆம் எண். மழுங்கிய ஊசி நூலை இழுத்துத் துணியின் குறுக்கே கோடு போடும். தைக்கும்போது துணியை முன்னும் பின்னும் லேசாக விறைப்பாகப் பிடியுங்கள். ஆனால் இழுக்காதீர்கள், இழுத்தால் ஊசி வளைந்து உடையும். குண்டூசியைத் தையலுக்குள் மறையும் பகுதியில் மட்டும் குத்துங்கள். சாட்டினில் பிரித்த தையலின் ஓட்டைகள் மறையாது. அதனால் சந்தேகம் இருந்தால் துண்டுத் துணியில் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

விளக்கு வெளிச்சத்தில் கால் தெரியுமா?

பின்னாலிருந்து விளக்கு அடித்தால் மெல்லிய துணி எல்லாமே தெரியும். இருட்டறையில் துணிக்குப் பின்னால் டார்ச் அடித்து, நடுவில் கையை வைத்துப் பாருங்கள். விரல்கள் தெளிவாகத் தெரிந்தால் லைனிங் வேண்டும். லைனிங் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே நிறத்தில் முழங்கால்வரை வரும் இறுக்கமான உள்கால்சட்டை போடச் சொல்லிவிடுங்கள். குதிப்பதும் சுற்றுவதும் உள்ள ஆட்டத்தில் குழந்தை கூச்சமில்லாமல் ஆட அது உதவும்.

ஆடும்போது பாவாடை நழுவுகிறது.

வழுவழுப்பான மேல்சட்டையின் மேல் பாவாடை கட்டினால் நழுவும். பாவாடையின் எடைக்கு எலாஸ்டிக் போதாமல் இருந்தாலும் நழுவும். எலாஸ்டிக்கை இன்னும் இறுக்குவதைவிட, மேல்சட்டையோடு இரு பக்கமும் ஒவ்வொரு ஹூக் வைத்து மாட்டுவது நல்லது. எடை அதிகம் என்றால் மேல்சட்டைக்குள் மறையும்படி இரண்டு தோள்பட்டி தைத்துவிடுங்கள். நாடா கோப்பதாக இருந்தால் முடிச்சும் முனைகளும் உள்ளே செருகப்பட வேண்டும். வெளியே தொங்கும் நாடா பக்கத்துக் குழந்தையின் கையில் மாட்டும்.

போட்டுப் பார்க்கும்போது எதைக் கவனிப்பது?

நிற்க வைத்துப் பார்ப்பது போதாது. கையை உயர்த்தச் சொல்லுங்கள், குதிக்கச் சொல்லுங்கள், தரையில் உட்கார்ந்து எழச் சொல்லுங்கள், பின்னால் நான்கு எட்டு நடக்கச் சொல்லுங்கள். பிறகு எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, தூரத்திலிருந்து கரை மட்டத்தைப் பாருங்கள். யாருடையது இறங்கியிருக்கிறதோ அதில் கரைக்கு மேலே உள்பக்கமாக ஒரு சிறு மடிப்புப் பிடித்துக் கையால் தைத்தால் போதும். கரையைப் பிரிக்க வேண்டாம்.

முதுகுப்பக்க இடுப்பில் ஒரு துண்டு நாடாவில் குழந்தையின் எண்ணை எழுதித் தைத்துவிடுங்கள். யாருடையது, எது பின்பக்கம் என்ற இரண்டு கேள்விக்கும் அதுவே பதில். மேடைக்குப் பின்னால் ஊசியில் கோத்த நூல், பத்து ஊக்கு, சிறு கத்தரி, ஒரு மீட்டர் எலாஸ்டிக் உள்ள பெட்டி ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். ஊக்கைக் குத்தினால் துணியின் உள்பக்கம், படுக்கைவாட்டில் குத்த வேண்டும்.

அடுத்த நிகழ்ச்சிக்கும் பயன்படுத்தலாமா?

நீள்சதுரப் பாவாடையின் பெரிய வசதியே அதுதான். கரை வளைவில்லாமல் நேராக இருப்பதால் 2 இஞ்ச், 3 இஞ்ச் என்று ஆழமாக மடித்து வைத்துப் பிறகு இறக்கலாம். இறக்கிய இடத்தில் பழைய மடிப்புத் தடம் தெரிந்தால் அதன்மேல் ரிப்பன் வையுங்கள். எலாஸ்டிக்கை மட்டும் மாற்றினால் வேறு குழந்தைக்கும் ஆகும். துவைத்து நன்றாக உலர்ந்த பிறகே எடுத்து வையுங்கள். சாட்டினை மடிக்காமல் சுருட்டி வைத்தால் தடம் விழாது. எலாஸ்டிக்கை இழுத்துக் கிளிப் மாட்டித் தொங்கவிட்டால் அடுத்த முறை எடுக்கும்போது தளர்ந்திருக்கும்.